தீ மூளுமுன்னே கதவைத் தட்டுகிற தீயணைப்புப் படை



தீயணைப்புப் படை என்றதும் நம் மனத்தில் என்ன தோன்றுகிறது? சிவப்பு வண்டி, மணி ஓசை, நீண்ட ஏணி, தண்ணீர்க் குழாய். "தீப்பிடிச்சா பொம்பாவைக் கூப்பிடுவோம், அவங்க வந்து அணைப்பாங்க" என்பதோடு நம் கணக்கு முடிந்துவிடுகிறது. சுகாதாரப் பகுதியில் தீயணைப்புக்கு என்ன வேலை என்றுகூடச் சிலர் கேட்கலாம்.

வேலை இருக்கிறது. வீட்டுத் தீயில் அதிகமாக உயிரை விடுகிறவர்கள் யார் என்று பாருங்கள். வயதானவர், கால் நடமாட்டம் இல்லாதவர், நோயில் படுத்திருப்பவர், குடிபோதையில் தூங்கிப் போனவர், சின்னப் பிள்ளை. ஓடத் தெரிந்தவன் ஓடிவிடுகிறான். ஓட முடியாதவர் அகப்பட்டுக் கொள்கிறார். ஆகவே தீ விபத்து என்பது தண்ணீர் விவகாரம் மட்டும் ஆகாது. அது உடல்நிலை விவகாரமும் கூட.

இதை உணர்ந்து, தீ மூளுவதற்கு முன்பே கணக்குப் போட்டு வேலை செய்கிற முறை இங்கிலாந்தில் இருபது வருஷத்துக்கு மேலாக நடந்து வருகிறது. அதில் நமக்கு எடுத்துக் கொள்ள வேண்டியதும் உண்டு, எச்சரிக்கையாக இருக்க வேண்டியதும் உண்டு. இரண்டையும் பார்ப்போம்.

கட்டடத்தை எண்ணிய காலம்

நம் நாட்டில் 1976ஆம் ஆண்டு முதல் பொம்பா மத்திய அரசின் கீழ் இயங்குகிறது. இங்கிலாந்தில் அப்படி இல்லை. அங்கே நாட்டைக் 'கவுண்டி' என்று பிரித்திருக்கிறார்கள். நம் ஊர் மாவட்டம் போல என்று வைத்துக் கொள்ளலாம். 1948 முதல் தீயணைப்பு வேலை உள்ளூராட்சிகளின் பொறுப்பில் இருந்து வருகிறது. இன்று இங்கிலாந்து முழுவதிலும் 44 தீயணைப்பு மீட்புப் படைகள் இருக்கின்றன.

முன்பெல்லாம் இந்தப் படைகளுக்கு நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல்தான். ஊரை ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரித்தார்கள். பெரிய கடைகளும் தொழிற்சாலைகளும் நெருங்கி நிற்கும் நகர மையம் 'ஏ'. அங்கே ஐந்து நிமிஷத்தில் இரண்டு வண்டிகள் வந்தாக வேண்டும். எட்டு நிமிஷத்தில் மூன்றாவது வண்டி. வீடுகள் நிறைந்த சாதாரணப் புறநகர் 'சி'. அங்கே எட்டிலிருந்து பத்து நிமிஷத்துக்குள் ஒரு வண்டி. வயல்வெளியும் தனித்தனி வீடுகளும் உள்ள கிராமப்புறம் 'டி'. அங்கே இருபது நிமிஷம்.

கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே ஒரு கோளாறு இருந்தது. இந்தக் கணக்கு கட்டடத்தின் மதிப்பைப் பார்த்தது, மனிதனைப் பார்க்கவில்லை. இராத்திரி பத்து மணிக்கு மேல் நகர மையத்தில் கடை பூட்டிக் கிடக்கும். ஆள் நடமாட்டமே இராது. அந்த நேரத்தில் ஜனங்கள் எங்கே? வீட்டில் தூங்குகிறார்கள். தீயில் சாகிறவர்களில் பெரும்பகுதி வீட்டில்தான் சாகிறார்கள். வேகமான வண்டி பூட்டிய கடைக்கு. தூங்குகிற கிழவிக்குக் காத்திருக்கும் கணக்கு! இது சரியா என்ற கேள்வி வெகுநாள் எழுந்தபடி இருந்தது.

ஆளை எண்ணுகிற கணக்கு

2002-2003இல் அங்கே தீயணைப்புத் தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தச் சமயத்தில் சர் ஜார்ஜ் பெய்ன் தலைமையில் நடந்த விசாரணை, படையின் முழு அமைப்பையும் ஆராய்ந்து பல மாற்றங்களைச் சொன்னது. அதன் பின் பழைய ஏ, பி, சி, டி அளவுகோல் கைவிடப்பட்டது. 2004ஆம் ஆண்டில் புதிய சட்டம் வந்தது. தீயை அணைப்பது போலவே தீ மூளாமல் தடுக்க ஜனங்களுக்குப் புத்தி சொல்வதும் படையின் சட்டக் கடமை ஆயிற்று.

அன்று முதல் ஒவ்வொரு கவுண்டிப் படையும் தன் வட்டாரத்துக்கென்று ஓர் ஆபத்துத் திட்டம் எழுதியாக வேண்டும். 'சமூக ஆபத்து மேலாண்மைத் திட்டம்' என்று இப்போது அதைச் சொல்கிறார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் அதிலுள்ள கேள்விகள் சாதாரணமானவை. நம் வட்டாரத்தில் என்னென்ன ஆபத்து வரக்கூடும்? எது அடிக்கடி வரும், எது எப்போதாவது வந்தாலும் பலரைக் கொண்டு போகும்? யாருக்கு வரும், எங்கே வரும், எந்த நேரத்தில் வரும்? இருக்கிற ஆளையும் வண்டியையும் வைத்து அதைத் தடுக்க என்ன செய்வது, வந்துவிட்டால் எப்படிப் போய்ச் சேருவது?

செஷையர் என்ற கவுண்டியை எடுத்துக் கொள்வோம். இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கிறது. ஜனத்தொகை சுமார் பதினொரு லட்சம். ஒரு பக்கம் எல்ஸ்மீர் போர்ட் அருகே ஸ்டான்லோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. நடுவே பெரிய நெடுஞ்சாலைகள். தெற்கே மாட்டுப் பண்ணைகள். கிழக்கே கோடையில் காய்ந்து தீப்பிடிக்கிற மேட்டு நிலம். ஆக, ஒரே கவுண்டிக்குள் ஆலைத் தீ, சாலை விபத்து, பண்ணைத் தீ, காட்டுத் தீ, வெள்ளம் என்று எல்லாமே உண்டு. நகரத்துக்குச் சரியான திட்டம் பண்ணைக்குச் சரிப்படாது. பண்ணைப் பக்கத்தில் முழுநேர ஆட்கள் குறைவு. தச்சர், கடைக்காரர், குடியானவர் போன்றவர்கள் தத்தம் வேலையைப் பார்த்துக் கொண்டே, அழைப்புக் கருவி சத்தமிட்டதும் ஓடிவந்து வண்டி ஏறுகிறார்கள். அவர்கள் நிலையத்துக்குச் சில நிமிஷ தூரத்தில் இருந்தாக வேண்டும் என்பது நிபந்தனை.

இந்தத் திட்டத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது. குறைந்தது மூன்று வருஷத்துக்கு எழுதி, எல்லாரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். எழுதும்போதே ஊர் ஜனங்களிடமும், படையின் தொழிலாளர்களிடமும், அவர்களுடைய சங்கத்திடமும் கருத்துக் கேட்க வேண்டும். சங்கத்திடம் கேட்பது அரசாங்க விதியிலேயே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள், தோழர்களே! 2018 முதல் அரசாங்கப் பரிசோதகர்கள் ஒவ்வொரு படையாகச் சென்று சோதித்து, 'நன்று', 'திருந்த வேண்டும்' என்று வெளிப்படையாக எழுதுகிறார்கள்.

கதவைத் தட்டி என்ன கேட்கிறார்கள்?

கணக்குப் போட்டதில் சில விஷயங்கள் தெளிவாயின. இங்கிலாந்து வீடுகளில் தற்செயலாக மூளும் தீயில் ஏறக்குறையப் பாதி சமையலால் வருகிறது. ஆனால் அதிக உயிரைப் பறிப்பது சிகரெட் நெருப்பு. வயது எண்பதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு. தனியாக வாழ்கிறவர், புகை பிடிக்கிறவர், அதிகம் குடிக்கிறவர், நடக்க முடியாதவர், நினைவு தடுமாறுகிறவர் என்று ஒரே ஆளிடம் இரண்டு மூன்று சேர்ந்து விட்டால் ஆபத்து கூடிக்கொண்டே போகும்.

ஆகவே படையினர் அப்படிப்பட்டவர்களின் வீட்டைத் தேடிப் போகத் தொடங்கினார்கள். லிவர்பூல் நகரம் உள்ள மெர்சிசைடு பகுதி இதில் முன்னோடி. வீட்டுக்குள் வந்து, புகை கண்டு கத்துகிற கருவியை இலவசமாக மாட்டி, எந்த வழியாக வெளியே ஓடுவது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். 2015இல் தேசியச் சுகாதாரச் சேவையும் தீயணைப்புப் படைகளும் கைகோத்தன. 65 வயதைத் தாண்டியவர்கள் எந்தெந்த முகவரியில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் படைகளுக்குக் கிடைத்தது. எல்லா வீட்டையும் தட்டிக்கொண்டு போகாமல், தேவைப்படுகிற வீட்டை முதலில் தட்ட முடிந்தது.

போனவர்கள் தீயைப் பற்றி மட்டும் பேசவில்லை. "சமீபத்தில் தடுக்கி விழுந்தீர்களா? புகைப்பழக்கத்தை விட உதவி வேண்டுமா? குளிர்காலத்தில் வீடு சூடாக இருக்கிறதா? யாராவது வந்து பார்க்கிறார்களா?" என்றும் கேட்டார்கள். செஷையரில் குடல் புற்றுநோய்ச் சோதனையைப் பற்றியும் எடுத்துச் சொன்னார்கள். விழுந்து இடுப்பு ஒடியக் காரணமான வீடும், தீப்பிடித்தால் தப்ப முடியாத வீடும் பெரும்பாலும் ஒன்றே. போலீஸையோ வரி அதிகாரியையோ கண்டால் கதவைச் சாத்துகிற கிழவர்கூடத் தீயணைப்புக்காரரை உள்ளே விடுவார் என்பதும் இதில் ஒரு சௌகரியம்.

பலன் என்ன? 1988இல் அங்கே நூறு வீட்டில் எட்டு வீட்டில்தான் புகை எச்சரிக்கைக் கருவி இருந்தது. இன்று தொண்ணூறுக்கு மேல். 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வருஷத்துக்கு எழுநூறுக்கும் மேற்பட்டோர் தீயில் மாண்டார்கள். சமீப வருஷங்களில் முந்நூறுக்குக் கீழே வந்திருக்கிறது. இதற்குக் கருவி மட்டும் காரணமில்லை. 1979இல் மான்செஸ்டர் நகரத்தில் உல்வொர்த் கடையில் மெத்தை நாற்காலிகள் பற்றி எரிந்து பத்துப் பேர் மாண்டார்கள். ஸ்பாஞ்சு மெத்தையின் நச்சுப் புகையைப் பற்றித் தீயணைப்புத் தொழிலாளர் சங்கம் விடாமல் குரல் கொடுத்தது. 1988இல் எளிதில் தீப்பிடிக்காத மெத்தை, நாற்காலிதான் விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. புகைப்பழக்கமும் குறைந்தது. எல்லாம் சேர்ந்துதான் உயிர்களைக் காத்தன.

தொழிற்சங்கம் சொல்கிற எச்சரிக்கை

இனி மறுபக்கம். அங்குள்ள தீயணைப்புத் தொழிலாளர் சங்கம் 1918இல் தோன்றியது. வருமுன் காப்பதை அது எதிர்க்கவில்லை. ஆனால் நாடு முழுவதற்கும் பொதுவான அளவுகோல் போனபின், 'திட்டம்' என்ற பெயரிலேயே நிலையத்தை மூடுவதும் ஆளைக் குறைப்பதும் நடக்கிறது என்று அது சொல்கிறது. 2010க்குப் பிறகு ஐந்தில் ஒரு பங்கு வேலைகள் போய்விட்டன என்பது அச்சங்கத்தின் கணக்கு. 1990களின் நடுவில் தீ நடந்த இடத்துக்கு வண்டி வந்துசேரச் சராசரி ஆறு நிமிஷம் ஆனது. பின்னாளில் எட்டு நிமிஷத்தைத் தாண்டிவிட்டது.

2017இல் இலண்டன் கிரென்ஃபெல் மாடிக் குடியிருப்பில் 72 பேர் மாண்டதை உலகமே பார்த்தது. தீப்பற்றக்கூடிய பொருளைக் கட்டடத்தின் வெளிச்சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஆபத்தைப் பற்றிக் குடியிருந்தவர்கள் முன்கூட்டியே புகார் செய்திருந்தார்கள், கேட்பார் இல்லை. திட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது, அங்கே வாழ்கிறவன் சொல்வதைக் கேட்கிற காது வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எதற்கு?

கதவைத் தட்டுவதும் வேண்டும், வண்டி வருவதும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிக்க விடக் கூடாது.

நம்ம லயத்துக்கு இது எப்படி?

"அது வெள்ளைக்காரன் ஊரு. நம்ம தோட்டத்துக்கு இதெல்லாம் ஒத்து வருமா?" என்று கேட்பீர்கள். நமக்குத்தான் அதிகமாக ஒத்துவரும். பட்டணத்தில் இருக்கிறவனுக்கு நிலையம் பக்கத்தில் இருக்கிறது. நமக்கோ தார் ரோட்டை விட்டு இறங்கி, செம்பனைக்குள் மண் ரோட்டில் பல மைல். பலகைச் சுவரும் ஒட்டினாற்போல் வீடுகளும் உள்ள பழைய லயமாக இருந்தால், ஒரு வீட்டில் பற்றியது அடுத்த வீட்டுக்கு வர வெகுநேரம் ஆகாது. வண்டி தூரத்தில் இருக்கிறவன்தான் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடு என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

நேரத்தையும் பாருங்கள். விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் போன பிறகு லயத்தில் யார் இருக்கிறார்கள்? பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விட்டுப்போன தாத்தா, பாட்டி. இனிப்பு நீர் வியாதியால் காலை எடுத்தவர். பக்கவாதத்தில் படுத்திருப்பவர். பள்ளிக்குப் போகாத குழந்தை. திடமானவர்கள் எல்லாரும் காட்டில்! நகர மையத்தில் இராத்திரி ஆள் இல்லாதது போல, லயத்தில் பகலில் தூக்கிவிட ஆள் இல்லை.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கீழ்க்கண்ட வேலைகளைச் செய்யலாம். பணம் அதிகம் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

1. வீட்டு வரிசைப்படி எழுதுங்கள். தானாக எழுந்து ஓட முடியாதவர் எந்த வீட்டில், எந்த அறையில் இருக்கிறார்? அவரை யார் தூக்குவார்? பகலில் யார், இரவில் யார் என்று இரண்டு பெயர் எழுதுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியையும் விட்டுவிடாதீர்கள். தீக்குப் பாஸ்போர்ட் தெரியாது.

2. வழியைப் பாருங்கள். தோட்டத்து கேட் இரவில் பூட்டியிருக்கிறதா? சாவி யாரிடம்? பாலம் பெரிய லோரியைத் தாங்குமா? வண்டி நிற்கிற இடத்தில் கார் நிறுத்தி அடைத்திருக்கிறதா?

3. தண்ணீரைப் பாருங்கள். தொட்டி, குளம், ஆறு எங்கே? அதுவரை வண்டி போக முடியுமா?

4. மருந்து ஸ்டோர், உரம், டீசல் தோம்பு ஆகியவை லயத்திலிருந்தும் ஆயாக்கொட்டகையிலிருந்தும் எவ்வளவு தூரம்?

5. பக்கத்துப் பொம்பா நிலையத்துக்குப் போய் அதிகாரியைப் பாருங்கள். தோட்டத்து வரைபடம் ஒன்றைக் கொடுங்கள். ஒருநாள் வந்து தீயணைப்புப் பயிற்சி காட்டும்படி கேளுங்கள். தன்னார்வப் படை அமைக்க இளைஞர்கள் இருந்தால் அதையும் விசாரியுங்கள்.

ஒட்டுப்போட்ட வயர், கருகிய சுவிட்ச் பலகை, உளுத்த பலகைச் சுவர் இருந்தால் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், 2019இல் திருத்தப்பட்டது, தொழிலாளர் வீடுகளை நல்ல நிலையில் வைத்திருக்கும் கடமையை முதலாளிக்கு விதிக்கிறது. கடிதத்தின் பிரதியைச் சங்கத்துக்கும் அனுப்புங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

தூங்குகிறவனைப் புகை வாசனை எழுப்பிவிடும் என்று நம்பாதீர்கள். எழுப்பாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்தை இன்னும் ஆழமாக்கி விடும். நெருப்பு உடம்பைத் தொடுமுன்னே புகைதான் ஆளைக் கொல்கிறது. பேட்டரியில் இயங்கும் புகை எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கி, படுக்கும் அறைக்கு வெளியே உட்கூரையில் மாட்டுங்கள். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

கேஸ் தோம்பின் ரப்பர் குழாயில் வெடிப்புக் கண்டால் அன்றே மாற்றுங்கள். கேஸ் வாடை அடித்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்; தோம்பை மூடி, கதவு சன்னலைத் திறந்து, வெளியே வாருங்கள். வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. முடிந்தால் அடுப்பை அணைத்து, மூடி போட்டு மூடுங்கள். சாமி விளக்கையும் கொசுவர்த்தியையும் திரைச்சீலைக்கும் மெத்தைக்கும் அருகில் வைக்காதீர்கள். ஒரே பிளக்கில் நாலைந்து வயரைச் செருகாதீர்கள். படுத்துக்கொண்டு சிகரெட் பிடிக்கிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. தோல் வறட்சிக்குத் தடவுகிற களிம்பு வேட்டியிலும் படுக்கை விரிப்பிலும் ஊறிவிட்டால், அந்தத் துணி வெகுவேகமாகப் பற்றும். பிரிட்டனில் ஐம்பதுக்கு மேற்பட்ட மரணங்களை இதோடு சம்பந்தப்படுத்தி 2018இல் மருந்துத் துறை எச்சரித்தது. களிம்பு தடவுகிறவர் அடுப்பு, பீடி, விளக்குப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்தை நிறுத்த வேண்டாம்.

தீப்பிடித்து விட்டால் சாமானைப் பார்க்காதீர்கள். எல்லாரும் வெளியே. புகை இருந்தால் குனிந்து தவழ்ந்து வாருங்கள். வந்தபின் திரும்ப உள்ளே போகக் கூடாது. 999க்குப் போன் போட்டு, தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்த ரோட்டிலிருந்து திரும்ப வேண்டும் என்று நிதானமாகச் சொல்லுங்கள். ஓர் ஆளை விளக்கோடு கேட்டில் நிறுத்துங்கள்.

தீக்காயம் பட்டால்

உடுப்பில் தீப்பற்றினால் ஓடாதே. நில், படு, உருளு. காயத்தின் மேல் குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் விடுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, வெண்ணெய், கிச்சாப் எதையும் பூச வேண்டாம். காயம் கெட்டுப் போகும். மோதிரம், வளையலை வீங்குமுன் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். முகம், கை, மர்மப் பகுதி, குழந்தையின் காயம், புகையை மூச்சில் இழுத்தவர் - இவர்கள் யாரையும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

தோழர்களே! செஷையரின் பணமும் வண்டியும் நம்மிடம் இல்லை. ஆனால் அவர்கள் ஊர் ஊராக விசாரித்துத் தெரிந்துகொள்ளும் விஷயம் நமக்கு ஏற்கெனவே தெரியும். எந்த வீட்டில் எந்தப் பாட்டி தனியாக இருக்கிறார், எந்தத் தாத்தாவுக்குக் கால் இல்லை என்று லயத்தில் யாருக்குத்தான் தெரியாது? தெரிந்ததை எழுதி வைத்து, ஆளுக்கு ஒரு பொறுப்பை ஏற்க வேண்டியதுதான் பாக்கி. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் விஷயமாக எடுத்துக் கொள்ளுங்கள்.